எட்டாம் வகுப்பு வரலாறு: அமெரிக்கப் பள்ளியில் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள்?

அமெரிக்காவில் ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மூன்று ஆண்டுகளைப் பெரும்பாலும் மிடில் ஸ்கூல் என்கிறார்கள். பதினொன்று முதல் பதினான்கு வயது வரையிலான பிள்ளைகளின் பருவம் இது. கணிதம், ஆங்கிலம், அறிவியலோடு சமூக அறிவியலும் இங்கே முக்கியப் பாடம். பல மாநிலங்களில் எட்டாம் வகுப்பில் அந்த நேரம் முழுவதும் அமெரிக்க வரலாற்றுக்கே போகிறது. மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ படித்துவிட்டு அங்கே குடியேறிய பெற்றோருக்குப் பிள்ளையின் கணக்கு வீட்டுப்பாடம் பெரிய காரியமில்லை, அறிவியலும் பழகியதுதான். வரலாறுதான் கைக்கு வசப்படாமல் நிற்கிறது. அந்த நாட்டின் கதையை அவர்கள் பள்ளியில் படித்ததில்லை என்பது ஒரு காரணம். அங்கே வரலாறு கற்பிக்கப்படும் முறையே வேறு என்பது அதைவிடப் பெரிய காரணம்.

அமெரிக்கா முழுமைக்கும் பொதுவான பாடத்திட்டம் என்று ஒன்று கிடையாது. அரசியலமைப்பு கல்வியை மத்திய அரசிடம் ஒப்படைக்கவில்லை. பத்தாவது திருத்தத்தின்படி அது மாநிலங்களின் பொறுப்பு. எந்த வகுப்பில் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதை மாநிலம் வகுக்கிறது. எந்தப் புத்தகம், என்ன வேகம் என்பதைப் பெரும்பாலும் அந்தந்த ஊரின் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் முடிவு செய்கிறது. கலிஃபோர்னியாவில் எட்டாம் வகுப்பு, நாடு உருவானதில் தொடங்கி முதல் உலகப் போருக்குச் சற்று முன்பு நிற்கிறது. குடியேற்றக் காலம் ஐந்தாம் வகுப்பிலேயே முடிந்துவிடும், இருபதாம் நூற்றாண்டு பதினொன்றாம் வகுப்புக்குப் போகும். டெக்சாஸில் எட்டாம் வகுப்பு ஐரோப்பியரின் வருகையில் தொடங்கி 1877 வரை செல்லும். ஆண்டிறுதியில் மாநிலத் தேர்வும் உண்டு. நியூயார்க் மாநிலம் ஏழு, எட்டு ஆகிய இரண்டு வகுப்புகளுக்கும் பிரித்துக் கொடுக்கிறது. வேலை மாறி மாநிலம் விட்டு மாநிலம் போகும் குடும்பங்களுக்கு இது முக்கியம். உள்நாட்டுப் போரை இரண்டு முறை படித்த பிள்ளையும் உண்டு, ஒரு முறைகூடப் படிக்காத பிள்ளையும் உண்டு. மாநிலக் கல்வித் துறையின் இணையதளத்தில் வகுப்புவாரியான பட்டியல் எல்லோர் பார்வைக்கும் இருக்கிறது. புதிய ஊருக்குப் போனதும் அதை ஒரு முறை படித்துப் பார்ப்பது நல்லது.

பள்ளி திறந்த சில வாரங்களில் பேக் டு ஸ்கூல் நைட் என்று ஒரு மாலை வரும். அன்று பெற்றோர், பிள்ளையின் கால அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு, பிள்ளை நாள் முழுவதும் போகும் வகுப்பறைகளுக்கு அதே வரிசையில் போய் உட்கார வேண்டும். ஒவ்வோர் ஆசிரியருக்கும் சில நிமிடங்கள்தான் கிடைக்கும். வரலாற்று ஆசிரியர் அந்த நேரத்தில் சிலபஸ் தாளைக் கொடுப்பார். ஆண்டின் பாடப் பகுதிகள், மதிப்பெண் எப்படிப் பிரிகிறது, தாமதமாகக் கொடுத்த வேலைக்கு என்ன விதி, எந்த மின்னஞ்சலில் தொடர்பு கொள்ளலாம் என்பதெல்லாம் அதில் இருக்கும். தனிப்பட்ட பிள்ளையைப் பற்றிக் கேட்கும் இடம் இதுவல்ல. அதற்குப் பின்னர் தனியே நேரம் கேட்டு வாங்க வேண்டும். இது தெரியாமல் எழுந்து தன் மகனின் மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்டால் ஆசிரியர் தர்மசங்கடத்துக்கு ஆளாவார். வகுப்பைப் பற்றிக் கேட்கலாம். கட்டுரை எவ்வளவு எழுத வேண்டியிருக்கும், வாசிக்கக் கொடுப்பவை கடினமாக இருந்தால் என்ன உதவி கிடைக்கும், தவறாகச் செய்த வேலையைத் திருத்திக் கொடுக்க வழி உண்டா என்ற கேள்விகளுக்கு நேரான பதில் கிடைக்கும்.

அந்தச் சில நிமிடங்களில் ஆசிரியர் அநேகமாகச் சொல்லும் வாசகம் ஒன்று உண்டு: பிள்ளைகள் இங்கே வரலாற்றாசிரியரைப் போலச் சிந்திக்கப் பழகுவார்கள். கேட்பதற்கு விளம்பரம் போல இருந்தாலும் அதன் பொருள் மிகத் திட்டவட்டமானது. ஒரு பாடத்தை அருகிலிருந்து பார்த்தால் புரியும்.

1770 மார்ச் 5 அன்று இரவு, பாஸ்டன் நகரின் சுங்க அலுவலகத்துக்கு முன்னால் பிரிட்டிஷ் சிப்பாய்கள் கூட்டத்தை நோக்கிச் சுட்டார்கள். ஐந்து பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் கிரிஸ்பஸ் அட்டக்ஸ், ஆப்பிரிக்க, பூர்வகுடி வழிவந்தவர். பாஸ்டன் படுகொலை என்று இதற்குப் பெயர். பழைய பாணியில் பாடம் இத்தோடு முடிந்துவிடும்; தேதி, இடம், இறந்தவர் எண்ணிக்கை, விளைவு என்று நான்கு வரி மனப்பாடம் செய்தால் போதும். அமெரிக்க மிடில் ஸ்கூல் வகுப்பில் பாடம் இங்கேதான் தொடங்குகிறது. ஆசிரியர் முதலில் ஒரு படத்தைக் கையில் கொடுப்பார். பால் ரெவியர் என்ற வெள்ளிப் பட்டறைக்காரர் சம்பவம் நடந்த சில வாரங்களிலேயே செதுக்கி விற்ற அச்சுப்படம் அது. சிவப்புச் சட்டைச் சிப்பாய்கள் ஒரே வரிசையில் நின்று சுடுகிறார்கள். அதிகாரி வாளை உயர்த்திக் கட்டளையிடுவதுபோல் பின்னால் நிற்கிறார். எதிரே ஆயுதம் எதுவும் இல்லாத கண்ணியமான மனிதர்கள் சரிந்து விழுகிறார்கள். சுங்க அலுவலகத்தின் மீது கசாப்புக்கடை என்று பொருள்படும் பெயர்ப்பலகை. முன்னால் ஒரு சிறிய நாய் அமைதியாக நிற்கிறது. படத்தில் என்ன தெரிகிறது என்று மட்டும் பத்து நிமிடம் எழுதச் சொல்வார் ஆசிரியர். கருத்து எதுவும் வேண்டாம், கண்ணில் படுவது மட்டும்.

பிறகு இரண்டாவது தாள். சிப்பாய்களுக்குத் தலைமை வகித்த கேப்டன் தாமஸ் பிரெஸ்டன் எழுதிய வாக்குமூலம். கூட்டம் தடிகளோடு நெருங்கியது, பனிக்கட்டிகளை வீசியது, தான் சுடச் சொல்லவே இல்லை என்கிறார் அவர். தான் நின்றது தன் சிப்பாய்களின் துப்பாக்கி முனைக்கு முன்னால், அங்கே நின்றுகொண்டு யாராவது சுடச் சொல்வார்களா என்று வாதாடுகிறார். படத்தில் அவர் பின்னால் நிற்கிறார், வாக்குமூலத்தில் முன்னால். எது உண்மை? மூன்றாவதாக, நீதிமன்றத்தில் சாட்சிகள் சொன்னவற்றின் சில பகுதிகள். அவையும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. சிலர் கட்டளை கேட்டதாகச் சொல்கிறார்கள், சிலர் கேட்கவில்லை என்கிறார்கள்.

இப்போது கேள்விகள் எழும். ரெவியர் அந்தப் படத்தை யாருக்காகச் செதுக்கினார்? பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த அணியைச் சேர்ந்தவர் அவர். மக்களின் கோபத்தைத் திரட்ட அந்தப் படம் பயன்பட்டது. பிரெஸ்டனோ தூக்குக்கயிறு தலைக்கு மேல் தொங்கும் நிலையில் எழுதினார். இருவருக்கும் தங்கள் பக்கத்தைச் சொல்லக் காரணம் இருந்தது. அதற்காக இருவரையும் பொய்யர் என்று ஒதுக்கிவிட முடியாது. எந்த இடத்தில் இரு தரப்பும் ஒத்துப்போகின்றன, எங்கே விலகுகின்றன, விலகும் இடத்தில் மூன்றாவது சாட்சி யார் என்று பிள்ளைகள் குழுவாக உட்கார்ந்து தேட வேண்டும். கடைசியில்தான் வழக்கின் முடிவைச் சொல்வார்கள். பிரெஸ்டனுக்கும் சிப்பாய்களுக்கும் வாதாடியவர்களில் ஒருவர் ஜான் ஆடம்ஸ். பின்னாளில் பிரிட்டனிலிருந்து விடுதலை வேண்டும் என்று முன்னணியில் நின்றவரும், நாட்டின் இரண்டாவது அதிபரானவரும் அவரே. பிரெஸ்டன் விடுதலையானார். எட்டுச் சிப்பாய்களில் ஆறு பேர் விடுதலை. இருவர் கொலையல்லாத மரணத்தை விளைவித்த குற்றத்துக்காகக் கட்டைவிரலில் சூடு வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். இவ்வளவும் தெரிந்த பிறகு படுகொலை என்ற பெயர் பொருந்துமா என்று ஒரு பக்கம் எழுத வேண்டும். பொருந்தும் என்று எழுதினாலும் முழு மதிப்பெண் வாங்கலாம், பொருந்தாது என்று எழுதினாலும் வாங்கலாம். ஆதாரம் காட்டாமல் எழுதினால் எந்தப் பக்கம் நின்றாலும் மதிப்பெண் குறையும்.

ஆவணத்தை எழுதியவர் யார், எந்தச் சூழலில், மற்ற ஆவணங்கள் அதற்கு ஒத்துப்போகின்றனவா, சொற்களுக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்ற இந்த நான்கு கேள்விகளும் ஆண்டு முழுவதும் திரும்பத் திரும்ப வரும். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க் என்ற பேராசிரியரும் அவருடைய குழுவினரும் இந்த முறைக்கான பாடங்களை உருவாக்கிக் கட்டணமின்றி வழங்கினார்கள். இன்று நாடெங்கும் ஆசிரியர்கள் அவற்றை எடுத்தாள்கிறார்கள். தேர்வுக் காலத்தில் இதுவே டிபிக்யூ என்ற பெயரில் வரும். ஒரு கேள்வியும், அதற்கு வேண்டிய சில ஆவணங்களும் கொடுத்து, அவற்றை மேற்கோள் காட்டிக் கட்டுரை எழுதச் சொல்வார்கள். உயர்நிலைப் பள்ளியில் கல்லூரித் தரப் பாடங்களுக்கு நடக்கும் ஏபி தேர்வில் 1973இல் தொடங்கிய முறை இது. எளிமையான வடிவில் மிடில் ஸ்கூலுக்கும் இறங்கி வந்துவிட்டது.

மதிப்பெண் போடுவதற்கு முன்பே ரூப்ரிக் என்ற அட்டவணையைப் பிள்ளையிடம் கொடுத்துவிடுவார்கள். தெளிவான வாதம் இருந்தால் இவ்வளவு, ஆதாரத்தை வாதத்தோடு இணைத்தால் இவ்வளவு என்று அதில் பிரித்திருக்கும். மதிப்பெண் ஏன் குறைந்தது என்று பிள்ளையைத் திட்டுவதற்கு முன், அந்த அட்டவணையை ஒரு முறை பார்த்தால் பதில் அங்கேயே இருக்கும். இன்னொன்றையும் தெரிந்துகொள்வது நிம்மதி தரும்: எட்டாம் வகுப்பு வரலாற்று மதிப்பெண்ணைக் கல்லூரிகள் பொதுவாகப் பார்ப்பதில்லை. ஒன்பதாம் வகுப்பிலிருந்துதான் அந்தக் கணக்கு தொடங்குகிறது. ஒரு கட்டுரை சொதப்பினால் குடி முழுகிவிடாது.

இனி, கதையைத் தொடக்கத்திலிருந்தே சொல்லித்தரும் மாநிலங்களில் ஆண்டு முழுவதும் போகும் பாதை. பூர்வகுடி மக்களின் வாழ்வு, 1607இல் ஜேம்ஸ்டவுன், 1619இல் வர்ஜீனியா கரையில் இறக்கப்பட்ட முதல் ஆப்பிரிக்கர்கள், 1620இல் மேஃப்ளவர் கப்பல், பதின்மூன்று குடியேற்றங்கள் என்று தொடக்கம் வேகமாகப் போகும். வரிவிதிப்புச் சண்டை, 1773 டிசம்பரில் பாஸ்டன் துறைமுகத்தில் கடலில் கொட்டப்பட்ட 342 பெட்டித் தேயிலை, 1776 ஜூலை 4 விடுதலைப் பிரகடனம், 1781இல் யார்க்டவுனில் பிரிட்டிஷ் படையின் சரணாகதி என்று புரட்சிக் காலம் நீளும். தமிழ்ப் பெற்றோருக்குச் சொல்ல ஏதாவது இருக்கிறதென்றால் இந்த இடத்தில் நிறைய இருக்கிறது. அந்தத் தேயிலைக்குச் சொந்தக்காரர், சென்னைக் கோட்டையிலிருந்து ஆண்ட அதே கிழக்கிந்தியக் கம்பெனி. யார்க்டவுனில் தோற்ற கார்ன்வாலிஸ் ஐந்து ஆண்டுகள் கழித்து இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக வந்து இறங்கினார். திப்பு சுல்தானோடு போரிட்டு, 1792இல் திண்டுக்கல்லையும் பாராமகாலையும் கம்பெனியின் வசமாக்கியவர் அவர்தான். யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்த எலிஹு யேல் 1687 முதல் 1692 வரை சென்னையின் கவர்னராக இருந்தவர். இவற்றை ஒரு பிள்ளை வகுப்பில் சொன்னால் ஆசிரியரே நிமிர்ந்து உட்காருவார்.

ஆண்டின் நடுப்பகுதி அரசியலமைப்புக்கு. 1787 கோடையில் பிலடெல்ஃபியாவில் பூட்டிய கதவுகளுக்குள் நடந்த விவாதம், மூன்று கிளைகளாகப் பிரிந்த அதிகாரம், 1791இல் சேர்ந்த உரிமைச் சாசனம் ஆகியவை இங்கே வரும். அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்களை ஐந்தில் மூன்று பங்காகக் கணக்கிட்டு, அவர்களை அடிமைப்படுத்தியிருந்த மாநிலங்களுக்கு நாடாளுமன்றத்தில் கூடுதல் இடம் கொடுத்த சமரசமும் இதே பாடத்தில்தான். சுதந்திரத்தை எழுதிய அதே கைகள் இதையும் எழுதின என்பதைப் பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் எளிதில் ஏற்பதில்லை. அங்கே எழும் கோபம் நல்ல கோபம். அதை ஆசிரியர்கள் அவசரப்பட்டு அணைக்காமல் இருப்பது நல்லது.

அதன்பின் நாடு மேற்கே விரிகிறது. 1803இல் பிரான்ஸிடமிருந்து லூசியானா நிலப்பரப்பை ஒன்றரைக் கோடி டாலருக்கு வாங்கியது, 1830இல் பூர்வகுடிகளை வெளியேற்றும் சட்டம், அதன் விளைவாக 1838–39இல் செரோக்கி மக்கள் நடந்த கண்ணீர்ப் பாதை, மெக்சிகோவுடன் போர், தங்க வேட்டை, 1848இல் செனிகா ஃபால்ஸில் பெண்கள் எழுப்பிய உரிமைக் குரல். பிறகு 1861 முதல் 1865 வரை உள்நாட்டுப் போர். போருக்குப் பின் வந்த மூன்று திருத்தங்களும் முக்கியம்: 1865இல் அடிமை முறை ஒழிப்பு, 1868இல் குடியுரிமை, 1870இல் இனத்தின் பேரால் வாக்குரிமையை மறுக்கத் தடை. இவற்றில் 1868இல் வந்த பதினான்காவது திருத்தம் குடியேறிய குடும்பங்களைத் தொட்டுப் பேசுகிறது. அந்த மண்ணில் பிறந்தவர் குடிமகன் என்று அது சொல்கிறது. சான் ஃபிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த வாங் கிம் ஆர்க்கின் வழக்கில் 1898இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2025இல் அதே பிரிவின் பொருள் மீண்டும் நீதிமன்றம் ஏறியது. விசாவில் இருக்கும் பெற்றோருக்கு அங்கே பிறந்த பிள்ளை இந்தப் பாடத்தைப் படிக்கும்போது, தன் பிறப்புச் சான்றிதழின் வரலாற்றையே படிக்கிறது.

அடிமை முறை, பூர்வகுடிகளின் அழிவு, இனவெறி ஆகியவற்றை எந்த அளவுக்கு, எந்த வார்த்தைகளில் சொல்வது என்பதில் அமெரிக்கா நெடுங்காலமாகச் சண்டையிட்டு வருகிறது. 1995இல் தேசிய வரலாற்றுத் தரங்கள் என்ற வரைவை எதிர்த்து செனட்டில் 99க்கு 1 என்ற கணக்கில் வாக்களித்தார்கள். அடிமை முறையை நாட்டின் வரலாற்றுக்கு மையமாக வைத்து 2019இல் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட 1619 புராஜெக்ட் அடுத்த பெரிய விவாதத்தைக் கிளப்பியது. 2021 முதல் பல மாநிலங்கள் இனம் பற்றிய கற்பித்தலைக் கட்டுப்படுத்தும் சட்டங்களைக் கொண்டுவந்தன. ஒரே பதிப்பகத்தின் ஒரே புத்தகம் கலிஃபோர்னியாவில் ஒரு விதமாகவும் டெக்சாஸில் வேறு விதமாகவும் அச்சாவதற்கு இதுவே காரணம். எனவே, பாடப்புத்தகத்தைப் பெற்றோர் ஒரு முறையாவது புரட்டிப் பார்க்க வேண்டும். 2015இல் டெக்சாஸில் உயர்நிலைப் பள்ளி மாணவன் ஒருவன் தன் புவியியல் புத்தகத்தின் ஒரு வரைபடக் குறிப்பைப் படம் பிடித்துத் தாய்க்கு அனுப்பினான். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களை அந்தக் குறிப்பு தொழிலாளர்கள் என்று சொல்லியிருந்தது. தாய் அதைப் பொதுவெளியில் வைத்தார். பதிப்பகம் தவறை ஒப்புக்கொண்டு திருத்தியது. ஒரு மாணவனும் ஒரு தாயும் கவனித்துப் படித்ததால் நடந்தது இது. வகுப்பில் கற்ற திறமையும் அதுதான்.

வீட்டில் செய்ய வேண்டியது சிக்கலானதல்ல. இரவுச் சாப்பாட்டு நேரத்தில், "இன்னிக்கு என்ன படிச்சே?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்றுதான் பதில் வரும். "இன்னிக்கு யார் எழுதினதைப் படிச்சே? அவர் சொல்றதை நீ நம்புறியா, ஏன்?" என்று கேட்டால் பேச்சு நீளும். பதில் தெரிந்த பெற்றோர்தான் கேட்க வேண்டும் என்பதில்லை. தெரியாதவரிடம் விளக்கும்போதுதான் பிள்ளைக்கே தெளிவு பிறக்கிறது. கட்டுரையைத் தாங்களே எழுதிக் கொடுப்பது மட்டும் கூடாது. இணையத்திலிருந்து வெட்டி ஒட்டுவதும், ஏஐ எழுதியதைத் தன் பெயரில் கொடுப்பதும் பள்ளிகளில் கடுமையான குற்றம். வரைவைப் படித்துவிட்டு, "இந்த வரிக்கு ஆதாரம் எங்கே?" என்று கேட்பது போதும். குடியுரிமைத் தேர்வுக்குத் தயாராகும் பெற்றோர் பிள்ளையோடு சேர்ந்தே படிக்கலாம். 1803இல் பிரான்ஸிடமிருந்து வாங்கிய நிலப்பரப்பு எது என்பது அந்தத் தேர்வின் கேள்விப் பட்டியலிலும் இருக்கிறது, எட்டாம் வகுப்பிலும் இருக்கிறது.

ஊரிலிருந்து புதிதாக வந்து சேர்ந்த பிள்ளைக்குச் சுமை வேறு விதம். பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலம் அங்கேயே பிறந்த பிள்ளைகளுக்கும் கடினம். ஆங்கிலம் கற்றுவரும் மாணவர்களுக்கு எளிமையாக்கிய ஆவணம், கூடுதல் நேரம், அகராதி ஆகிய உதவிகளைக் கேட்கலாம்; கேட்பதில் கௌரவக் குறைவு எதுவுமில்லை. கிடைக்கும் விடுமுறையில் ஒரு நாளை, பாஸ்டனில் நான்கு கிலோமீட்டர் நீளும் ஃப்ரீடம் டிரெயில் பாதைக்கோ, விடுதலைப் பிரகடனத்தையும் அரசியலமைப்பையும் அசலாகவே பார்க்கக் கிடைக்கும் வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்துக்கோ ஒதுக்கினால், பல வாரப் பாடம் உயிர் பெறும்.

இவ்வளவு அக்கறை தேவைப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. 2022இல் எட்டாம் வகுப்பு மாணவர்களிடையே நடந்த தேசிய மதிப்பீட்டில், அமெரிக்க வரலாற்றில் 13 சதவீதம் பேர்தான் தேர்ச்சி நிலையை எட்டினார்கள். அந்த நிலை, அந்த வகுப்புக்கு வழக்கமாக எதிர்பார்க்கும் அளவைவிட உயர்ந்த அளவுகோல் என்பது உண்மை. ஆனால் 40 சதவீதம் பேர் அடிப்படை நிலையைக்கூட எட்டவில்லை. வாசிப்பு, கணிதத் தேர்வுகளின் அழுத்தத்தில் வரலாற்றுக்கான நேரம் குறைந்துகொண்டே வருவதாக ஆசிரியர்கள் நெடுநாளாகச் சொல்லிவருகிறார்கள்.

பாடத்தில் ஆர்வம் பிறந்த பிள்ளைக்கு அடுத்த படியாக நேஷனல் ஹிஸ்டரி டே போட்டி இருக்கிறது. 1974இல் கிளீவ்லாந்தில் சிறிய அளவில் தொடங்கி, இன்று ஆண்டுதோறும் லட்சக்கணக்கான மாணவர்கள் பங்கேற்கும் போட்டி இது. ஆறாம் வகுப்பு முதல் சேரலாம். கட்டுரை, கண்காட்சி, ஆவணப்படம், நாடகம், இணையதளம் என்று ஐந்து வடிவங்கள். வட்டாரம், மாநிலம் என்று தேறி வருபவர்களுக்கு ஜூன் மாதம் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் இறுதிச் சுற்று. அந்த ஆண்டின் பொதுத் தலைப்புக்குள் அடங்கும் எதையும் பிள்ளையே தேர்ந்தெடுக்கலாம். முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றியும், வெள்ளையர் அல்லர் என்ற காரணத்தால் 1923இல் உச்ச நீதிமன்றம் குடியுரிமை மறுத்த பகத் சிங் திந்தின் வழக்கு அப்படி எடுத்துச் செய்யத் தகுந்தது. இந்தியர்கள் குடியுரிமை பெற 1946இல் வழி திறந்ததும், 1965 குடிவரவுச் சட்டத்துக்குப் பின் அவர்கள் பெருமளவில் வந்ததும் அதன் தொடர்ச்சி. திந்த் வழக்கின் தீர்ப்பு முழுவதும் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் இணையதளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது.